அடையும் கரும்பும்

கதை எழுதுகிறவனுக்கும் கணக்குக்கும் ஜன்மப் பகை என்று ஓர் அபிப்பிராயம் உலகத்தில் இருந்து வருகிறது. அது அவ்வளவு சரியல்ல. மளிகைக் கடை பாக்கியைக் கூட்டிப் பார்க்கும் விஷயத்தில் வேண்டுமானால் எங்களுக்குச் சற்று மறதி உண்டு. ஆனால் எண்களுக்குப் பின்னால் மனிதர்கள் நிற்கிறார்கள் என்று மட்டும் தெரிந்துவிட்டால், கதாசிரியன் அந்த இடத்தை விட்டு லேசில் நகரமாட்டான்.

நான் சொல்ல வந்தது வரைபடங்களைப் பற்றி. தேசப் படமல்ல. காரியாலயங்களில் மீட்டிங் என்று ஒன்று நடக்கிறதே, அங்கே விளக்கை அணைத்துவிட்டுச் சுவரில் வெளிச்சம் போட்டுக் காட்டுகிறார்களே, அந்தக் கோடுகளும் பட்டைகளும் வட்டங்களும். உத்தியோகத்தில் இருக்கிற வாசகர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இருக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: உங்கள் பிள்ளையோ பெண்ணோ "நாளைக்குப் பிரசன்டேஷன்" என்று சொல்லிவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணி வரையில் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறார்களே, அது பெரும்பாலும் இந்தச் சமாச்சாரம்தான்.

இதை ஆரம்பித்து வைத்த மகானுபாவர் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். நீராவி யந்திரப் புகழ் ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைகிற வேலை பார்த்தவர். 1786-இல் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில் 44 படங்கள். அவற்றில் 43 படங்களில் வருஷங்கள் இடமிருந்து வலமாக நடந்து போகும். பணம் கோடாக ஏறி இறங்கும். மிச்சம் இருந்த ஒரே படம் ஸ்காட்லாந்தைப் பற்றியது. அந்த நாட்டுக்குப் பல வருஷத்துக் கணக்கு அவருக்கு அகப்படவில்லை. ஒரு வருஷத்துக் கணக்குத்தான் கையில் இருந்தது. ஒரு வருஷத்தை வைத்துக்கொண்டு கோடு எப்படி இழுப்பது? எந்தத் தேசத்தோடு எவ்வளவு வியாபாரம் என்று பட்டை பட்டையாகப் போட்டு வைத்தார். பட்டைப் படம் பிறந்த கதை இதுதான். அவருக்கே அந்தப் படத்தில் அவ்வளவு திருப்தி இல்லை. மற்றவற்றைவிட இது மட்டம் என்று குறிப்பு வேறு எழுதினார். இன்றைக்கு உலகத்துக் காரியாலயங்கள் முழுவதும் அந்தக் குறைப்பிள்ளையை வைத்துக்கொண்டுதான் பிழைப்பு நடத்துகின்றன.

பிறகு 1801-இல் துருக்கி சாம்ராஜ்யம் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் எவ்வளவு பரவியிருந்தது என்று காட்டுவதற்காக, ஒரு வட்டத்தை மூன்றாக வகிர்ந்தார். வட்டப் படமும் வந்து சேர்ந்தது. கவனியுங்கள்: மூன்றே துண்டுதான். கையில் இருக்கிற விஷயம் எப்படிப்பட்டதோ அப்படிப் படத்தை மாற்றிக்கொண்டார் மனிதர். காலத்தோடு ஓடுகிற விஷயமா, கோடு. ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டிய விஷயமா, பட்டை. முழுமையில் பங்கு எவ்வளவு என்பதா, வட்டம். இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் இதைவிட நல்ல பாலபாடம் எனக்குத் தெரிந்து இல்லை. பிளேஃபேர் என்னவோ கடன்பட்டு, நொடித்து, 1823-இல் ஏழையாகவே கண்ணை மூடினார். படம் போட்டவன் வேறு, பணம் பண்ணினவன் வேறு என்பது அப்போதே நிச்சயமாகிவிட்டது.

வட்டத்தில் என்ன தொந்தரவு என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் அம்மா அடை வார்த்துப் போடும்போது நடக்கிற வழக்கை ஞாபகப்படுத்திக்கொள்கிறேன். ஓர் அடையைப் பாதியாகப் பிய்த்தால் சண்டை இல்லை. அது பாதி என்று கண்ணுக்குத் தெரியும். நாலாகப் பிய்த்தாலும் ஒருவாறு சமாளிக்கலாம். விருந்தாளிக் குழந்தைகளும் சேர்ந்து ஏழாகப் பிய்க்க வேண்டி வந்துவிட்டால் போச்சு! "அவனுக்குத்தான் பெரிசு" என்று ஏழு பேரும் ஏழு பக்கம் அழுவோம். அதே குழந்தைகளிடம் பொங்கல் கரும்பைத் துண்டு போட்டுக் கொடுத்துப் பாருங்கள். துண்டுகளைச் சுவர் ஓரமாக, அடி சமமாக நிறுத்திவைத்த மாத்திரத்தில் எது அரை அங்குலம் கூட என்பதை மூன்று வயசுப் பிள்ளை சொல்லிவிடும்.

இதை நான் சமையலறை ஆராய்ச்சி என்று விட்டுவிடத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் 1984-இல் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரண்டு அமெரிக்கப் புள்ளியியல் நிபுணர்கள் ஆட்களை உட்கார வைத்துச் சோதனை செய்து எழுதிய கட்டுரையும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லுகிறது. ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும்புகிறவற்றை நம் கண் நன்றாக அளக்கிறது. கோணத்தை அளப்பதில் அவ்வளவு சாமர்த்தியம் போதாது. பரப்பளவு என்று வந்துவிட்டால் இன்னும் மோசம். கரும்புக் கட்சிதான் ஜெயித்தது.

வட்டமாவது போகட்டும், அதைப் படுக்கப் போட்டுச் சாய்த்து, கீழே கனம் வைத்து, நெய்த் தேங்குழல் தட்டு மாதிரி பளபளக்கவைக்கிற வித்தை ஒன்று கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதில் முன்பக்கம் வருகிற துண்டு இருக்கிறதைவிடப் பெரிதாகத் தெரியும். பின்பக்கத் துண்டு சுருங்கிப்போகும். கண்ணுக்கு அழகு, கணக்குக்குக் கேடு. இந்த வித்தையினால் ஒரு நர்ஸுக்கு மெமோ கிடைத்த கதை எனக்குத் தெரியும்.

என் அக்காள் மகள் ஒரு மருத்துவமனையில் சீனியர் நர்ஸாக இருக்கிறாள். ஊரும் பேரும் வேண்டாம், நல்ல மருத்துவமனைதான். அங்கே படுத்திருக்கிற நோயாளிகள் சில சமயம் கட்டிலிலிருந்து இறங்கும்போதோ, பாத்ரூமுக்குப் போகும் வழியிலோ விழுந்துவிடுகிறார்கள். வயசானவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டால், வந்த வியாதி குணமாகியும் மனிதர் எழுந்து நடப்பது சந்தேகமாகிவிடும். இந்தப் பெண் ஒரு வருஷ காலமாக ஒவ்வொரு விழுகையையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தாள். தேதி, மணி, வார்டு, வயசு, பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்பது வரையில். யாரும் எழுதச் சொல்லவில்லை. அவளுக்கே மனசு கேட்கவில்லை.

மாதாந்தர மீட்டிங்கில் அதைச் சொல்ல ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். ராத்திரி உட்கார்ந்து ஒரு வட்டப் படம் போட்டாள். ஒன்பது வார்டு, ஒன்பது துண்டு, ஒன்பது வர்ணம். சாய்வு, பளபளப்பு, எல்லாம் சேர்த்தி. பெரிய அதிகாரி "பேஷ்!" என்றார். இன்னொருவர் இது எந்த ஸாப்ட்வேர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அடுத்தபடி காண்டீன் விவகாரத்துக்குப் போய்விட்டார்கள். மறுநாள் ஆண்கள் பொது வார்டைக் கவனிக்கிற நர்ஸுக்கு, "உங்கள் வார்டில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள்; விளக்கம் தேவை" என்று ஒரு மெமோ வந்தது. சுவரில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக, முன்னால் துருத்திக்கொண்டிருந்த துண்டு அவளுடையது.

அந்த வார மத்தியில் இன்னொரு கிழவர் விழுந்தார். வேறு வார்டில்.

ஞாயிற்றுக்கிழமை என் மருமகள் நோட்டுப் புத்தகத்தையும் அந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"எல்லாரும் நல்லாயிருக்குன்னுதான் சொன்னாங்க, மாமா. ஆனா நான் சொல்ல வந்தது ஒருத்தர் காதிலும் ஏறலே. பாவம், அந்த அக்காவுக்கு மெமோ வேற."

"நீ என்ன கேக்கப் போனே?"

"விடியற்காலையிலே வார்டுக்கு ஓர் ஆள் கூடுதலா வேணும்னு."

"அது இந்தப் படத்திலே எங்கேம்மா இருக்கு?"

படத்தைச் சற்று நேரம் பார்த்தாள். மூலைக்கு மூலை பார்த்தாள். விடியற்காலை அதில் எங்கும் இல்லை. வார்டுகள்தான் இருந்தன.

இதில் அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மேல் மாத்திரையின் மயக்கத்தில் கிழவர்கள் எழுந்திருப்பதும், கூப்பிட்டால் தொந்தரவாக இருக்குமோ என்று தாங்களே தட்டுத் தடுமாறிப் போவதும், அந்த நேரத்தில் ஒரே நர்ஸ் இந்தக் கோடியில் ஊசி போட்டுக்கொண்டிருப்பதும் அவளுக்கு அத்துபடி. நாவலுக்குப் போதுமான விஷயம். ஆனால் கம்ப்யூட்டர் "எந்தப் படம் வேண்டும்?" என்று வரிசையாகக் காட்டியபோது, "நான் என்ன கேள்விக்குப் பதில் சொல்லுகிறேன்?" என்று நினைத்துப் பார்க்க அவளுக்கு நேரம் இல்லை. படம் தேர்ந்தெடுக்கிற காரியத்தில் முக்கால் பங்கு அந்தக் கேள்விதான். எந்த வார்டு என்பது ஒரு கேள்வி. எந்த நேரம் என்பது வேறு கேள்வி.

இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். கட்டம் போட்ட தாள் ஒன்றில் 24 மணிக்கு 24 இடம் விட்டு, அவள் நோட்டைப் படிக்கப் படிக்க நான் கோடு கிழித்தேன். நாலு கோடு, குறுக்கே ஒன்று, பால்காரன் சுவரில் கணக்கு வைப்பது போல. பாதி நோட்டு தாண்டுவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. பகல் முழுவதும் ஒன்றும் இரண்டுமாகக் கிடந்தது. நாலு மணியும் ஐந்து மணியும் கோபுரமாக எழும்பி நின்றன.

அதற்குப் பிறகு இன்னொரு காரியமும் செய்தோம். பொது வார்டின் பெயரில் இருந்த பழியைப் பார்க்க வேண்டுமல்லவா? அந்த வார்டில் அதிகம் பேர் விழுந்தது வாஸ்தவம். ஆனால் அந்த வார்டில்தான் கட்டிலும் அதிகம். பத்துக் கட்டிலுக்கு எத்தனை பேர் என்று வகுத்துப் பார்த்தபோது அது மற்ற வார்டுகளோடு வரிசையில் நின்றுவிட்டது. பெரிய ஊரில் சாவும் அதிகம், கல்யாணமும் அதிகம். அதற்காக ஊரைக் குற்றம் சொல்ல முடியுமா? எத்தனை என்று கேட்கிறவர்கள் எத்தனைக்கு எத்தனை என்றும் கேட்டுவிட்டால் உலகத்தில் பாதி மெமோக்கள் எழுதப்படமாட்டா.

அடுத்த மீட்டிங்குக்கு ஒரே ஒரு படம் கொண்டுபோனாள். 24 பட்டைகள், 22 சாம்பல் நிறம், இரண்டு மட்டும் கறுப்பு. தலைப்பில் "பகுதிவாரிப் புள்ளி விவரம்" என்றெல்லாம் எழுதவில்லை. "நோயாளிகள் விழுவது விடியற்காலை 4 மணியிலிருந்து 6 மணிக்குள்" என்று எழுதியிருந்தாள். தலைப்பு விஷயத்தில் மட்டும் என் யோசனை. அத்தியாயத்துக்குப் பேர் வைத்துப் பழகின கை. யாரும் "பேஷ்" என்று சொல்லவில்லையாம். "அந்த நேரத்தில் ட்யூட்டியில் எத்தனை பேர்?" என்று கேட்டாராம் பெரிய அதிகாரி. அரை மணி நேரம் விவாதம். இரண்டு ஆள் கேட்டதற்கு ஓர் ஆள் கிடைத்தது. மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு பேச்சு எழவில்லை, அவ்வளவுதான்.

நர்ஸ் தொழிலுக்கே தாயாரான பிளாரன்ஸ் நைட்டிங்கேலும் இதே பாடு பட்டவள். கையில் விளக்கோடு நிற்கிற படத்தைத்தான் நாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்திருக்கிறோம். கையில் புள்ளி விவரத்தோடு நிற்கிற படத்தையும் போட்டிருக்கலாம். 1854-இல் கிரிமியா யுத்தத்துக்காக ஸ்குடாரி ஆஸ்பத்திரிக்குப் போனாள். குண்டடி பட்டுச் செத்த சிப்பாய்களைவிட, காலரா, ஜுரம், பேதி என்று ஆஸ்பத்திரி அசுத்தத்தில் செத்தவர்கள் பல மடங்கு. திரும்பி வந்து 1858-இல் ஒரு படம் அச்சிட்டாள். மாசத்துக்கு ஓர் இதழாக விரிந்த பூ மாதிரி இருக்கும். வியாதிக்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றவைக்குக் கறுப்பு.

வட்டத்தை இவ்வளவு திட்டிவிட்டு இதைப் புகழலாமா என்று கேட்டால், கேள்வி நியாயம்தான். அந்தப் படத்தில் ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அளக்கப் போனால் கண் திண்டாடும். பட்டைகளாகப் போட்டிருந்தால் அளவு துல்லியமாகத் தெரிந்திருக்கும். ஆனால் அவள் கேட்ட கேள்வி அதுவல்ல. சிவப்பு அதிகமா, நீலம் அதிகமா என்பதுதான். நீலம் பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றது. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தப் படத்தில் போட்டாலும் தெரியும். நம்முடைய காரியாலயக் கணக்குகளில் அவ்வளவு பெரிய வித்தியாசம் அகப்படுவதில்லை என்பதுதான் நம் கஷ்டம். அதனால்தான் நமக்குப் படம் இன்னும் ஒழுங்காக வேண்டியிருக்கிறது.

பட்டைப் படம் நல்லது என்றேன். அதிலும் மோசடி உண்டு. டியூஷன் நடத்துகிறவர்களின் விளம்பரத்தைப் பாருங்கள். உதாரணத்துக்குப் போன வருஷம் நூற்றுக்கு 96 பேர் தேறினார்கள், இந்த வருஷம் 98 பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பட்டையும் கிட்டத்தட்ட ஒரே உயரம்தானே இருக்க வேண்டும்? அடிக்கோட்டைப் பூஜ்யத்தில் வைக்காமல் 95-இல் வைத்துவிடுவார்கள். ஒரு பட்டை இன்னொன்றைப் போல மூன்று மடங்கு உயர்ந்து நிற்கும். பொய் என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. எண்கள் எல்லாம் சரியாகவே இருக்கும். கரும்பின் அடியை வெட்டிவிட்டு நுனியை மட்டும் ஒப்பிட்டுக் காட்டுகிற வேலை.

உடனே, "எல்லாப் படமும் பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும்" என்று சட்டம் போடுகிறவர்கள் புறப்பட்டுவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் கட்டிலின் காலடியில் தொங்குமே ஜுரச் சார்ட், அதை எண்ணிப் பாருங்கள். அதைப் பூஜ்யம் டிகிரியிலிருந்து வரைந்தால் 98-க்கும் 104-க்கும் வித்தியாசம் தெரியாது. குழந்தைக்கு ஜன்னி கண்டிருக்கும், கோடு மட்டும் தூங்கிக்கொண்டிருக்கும். பட்டையில் நாம் பார்ப்பது நீளம். நீளத்தை அடியிலிருந்துதான் அளக்க வேண்டும். கோட்டில் பார்ப்பது ஏற்ற இறக்கம். அதற்கு எங்கே தொடங்கினால் விஷயம் தெரியுமோ அங்கே தொடங்கலாம். ஏன் என்று தெரிந்துகொண்டால் சட்டம் தேவையில்லை.

வர்ணத்தைப் பற்றி ஒரே வார்த்தை. ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. நஷ்டத்தைச் சிவப்பிலும் லாபத்தைப் பச்சையிலும் போட்டு அப்படிப்பட்ட முதலாளியிடம் காட்டினால், அவர் இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டுவார்.

இனி எனக்கு மிகவும் மனசு கஷ்டப்படுகிற விஷயம். 1986 ஜனவரி 28-ஆம் தேதி சாலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 விநாடியில் சிதறி ஏழு பேர் மாண்டார்கள்; ஒருத்தி பள்ளிக்கூட ஆசிரியை. ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கிற ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போனது காரணம். முதல் நாள் ராத்திரியே, அந்த ராக்கெட்டைச் செய்த கம்பெனியின் இஞ்சினீயர்கள் "குளிர் அதிகம், கிளப்பாதீர்கள்" என்று டெலிபோனில் மன்றாடினார்கள். 13 தாள்களில் விவரம் எழுதி அனுப்பினார்கள். அதுவரையில் பறந்த கலங்களில் மிகக் குளிரான நாள் 53 டிகிரி ஃபாரன்ஹீட். மறுநாள் காலை அதற்கும் வெகு கீழே போகும் என்று தெரிந்திருந்தது. ஆனால் அந்த 13 தாளில் ஒன்றிலாவது, எல்லாப் பயணங்களையும் சேர்த்து, இத்தனை டிகிரிக்கு இத்தனை சேதம் என்று ஒரே படமாகப் போடவில்லை. சேதமான பயணங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் குளிரிலும் சேதம் இருந்தது, வெயிலிலும் இருந்தது, ஒன்றும் புரியாது. சேதமே ஆகாத பயணங்களையும் பக்கத்தில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். விசாரணைக் கமிஷன் பிற்பாடு வைத்துப் பார்த்தது: 66 டிகிரியோ அதற்கு மேலோ இருந்த 20 பயணங்களில் மூன்றில்தான் சேதம், 63 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்த நாலு பயணங்களில் நாலிலும் சேதம். ஒரு தாளில் 24 புள்ளி வைக்கிற வேலை.

அந்தப் படம் இருந்திருந்தால் ஏழு பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். மேலே இருந்தவர்களுக்கு அவசரம். இஞ்சினீயர்கள் வாயால் சொன்னதே போதுமானதாக இருந்திருக்க வேண்டும். "சரியாகப் படம் போடவில்லை" என்று, எச்சரித்தவர்கள் தலையிலேயே பழியைப் போடுவதும் எனக்குச் சம்மதமில்லை. ஆனாலும் ஒன்றும் நடக்காத நாட்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிற பழக்கம் நம் எல்லாரிடமும் இருக்கிறது. புகார் வந்த கடிதங்களை அடுக்கி வைக்கிறோம். புகார் வராத மாதங்களை யார் அடுக்குகிறார்கள்?

சில சமயம் படமே வேண்டாம். இரண்டே எண் இருந்தால் வாயால் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். குறிப்பிட்ட ஓர் எண்ணைத் தேடி எடுக்க வேண்டுமானால் அட்டவணைக்கு மிஞ்சியது இல்லை. மதுரைக்கு வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்கிறவனிடம் கோடும் பட்டையும் காட்டினால் அடிக்க வருவான்.

ஆனால் அதே ரயில் நேரங்களை ரயில்வேக்காரர்கள் தங்களுக்குள்ளே படமாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள். கண்ட்ரோல் ஆபீஸில் ஒரு நாள் வெகு நேரம் நின்று பார்த்திருக்கிறேன். முன்பெல்லாம் பெரிய கிராஃப் தாளும் பென்சிலும். இப்போது கம்ப்யூட்டர் திரை. இடமிருந்து வலமாக மணி. மேலிருந்து கீழாக ஸ்டேஷன்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்ந்த கோடு. எக்ஸ்பிரஸ் செங்குத்தாக விழும். கூட்ஸ் சோம்பேறித்தனமாகச் சாய்ந்துகொண்டு போகும். ஸ்டேஷனில் நின்றால் கோடு படுத்துவிடும். எதிர்த் திசையில் வருகிற வண்டி எதிர்ச் சாய்வு. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகிற இடம் ஏதாவது ஒரு ஸ்டேஷனின் மேல் வந்து விழுந்தாக வேண்டும். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் விழுந்தால் என்ன அர்த்தம் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

அந்த உத்தியோகஸ்தர் என்னோடு பேசிக்கொண்டே இருந்தவர், திரையில் ஏதோ இரண்டு கோடுகள் நெருங்குவதைக் கண்டார். பேச்சை நிறுத்தவில்லை. போனை எடுத்து, இரண்டு ஸ்டேஷனுக்கு அப்பால் இருந்த ஸ்டேஷன் மாஸ்டரிடம் கூட்ஸ் வண்டியை லூப்பில் போடச் சொல்லிவிட்டு, "என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்?" என்றார்.